விரலுக்குத் தகுந்த வீக்கம்



நம் மன்றத்து மலரில் காவியச் சுவை பேசும் கட்டுரைகள் உண்டு, கவிதைகள் உண்டு, நாட்டு நடப்பை அலசும் ஆராய்ச்சிகளும் உண்டு. அவற்றின் நடுவே எண்ணெய்க் கறை படிந்த ஓர் இரும்பு உருண்டையைக் கொண்டுவந்து வைக்கிறேன். முகம் சுளிக்காதீர்கள். அந்த உருண்டை நம்மில் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் இருக்கிறது. ஒழுங்காக இருக்கும்வரை அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கெட்டுப் போனாலோ, ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை ஒரே நாளில் விழுங்கி ஏப்பமிடுகிறது. அதன் பெயர் டார்க் கன்வர்ட்டர். முறுக்குவிசை மாற்றி என்று தமிழில் சொல்லலாம். ஆனால் பட்டறையில் வழங்கும் பெயர் கன்வர்ட்டர்தான். ஆகவே நானும் அப்பெயராலேயே அழைக்கிறேன்.

தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள் பெருகிவிட்ட காலம் இது. வண்டியோடு பிறந்த கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் விற்கும் வேறொன்றை மாட்டினால் வண்டி புலியாகப் பாயும் என்று நம்பும் இளைஞர் சிலரை நான் அறிவேன். அவர்களோடு வாதாடவே இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்வர்ட்டர் தனித்து நிற்கும் உறுப்பன்று. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் வண்டியின் எடைக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்ட உறுப்பு. நாம் நாள்தோறும் எந்தப் பாதையில், எந்தச் சுமையோடு ஓட்டுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் அதை மாற்ற வேண்டும். பந்தயக்காரனின் கன்வர்ட்டரை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவன், ஓட்டத்தின் இன்பத்தை இழக்கிறான், எரிபொருளை இழக்கிறான், நாளடைவில் கியர் பெட்டியையும் இழக்கிறான்.

"இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி?" என்று கேட்கலாம். நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இயந்திரம் அந்நியப் பொருளன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். அதன்பின் வடார்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோர், தலைமுறை தலைமுறையாகப் பாறையோடும் இரும்போடும் பழகினார்கள். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 1902இல் 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பிவழி நடந்து வந்தது எங்கள் சுரங்கங்களுக்காகத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வளவு ஆழத்துக்கு ஆளை இறக்கி ஏற்றிய இயந்திரத்தில் கம்பிக்கயிறு, உருளை, மோட்டார், பிரேக் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. கயிறு மட்டும் கனமாக இருக்கட்டும், மற்றவை எப்படியோ போகட்டும் என்று அங்கே எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உயிர்கள் போயிருக்கும். பொருத்தம் என்ற ஒரு சொல்லின் பொருளை எங்கள் ஊர் இவ்வாறு கற்றது.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரில் எஞ்சி நின்ற பெருந்தொழில், 1964இல் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தங்கவயல் ஆலை. எங்கள் மக்கள் சுருக்கமாகப் 'பெமல்' என்பார்கள். மண்ணைத் தள்ளும் புல்டோசர்கள் அங்கே பிறக்கின்றன. அவற்றுள் பெரியவற்றின் வயிற்றில் கன்வர்ட்டர் இருக்கிறது. ஆகவே தங்கவயல்காரன் கன்வர்ட்டரைப் பற்றிப் பேசுவது, தஞ்சாவூர்க்காரன் நெல்லைப் பற்றிப் பேசுவது போன்றதே.

நிற்க. கன்வர்ட்டர் செய்யும் வேலைதான் என்ன?

நம் பாட்டிமார் தயிர் கடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். பானைக்குள் மத்து சுழல்கிறது. மத்து பானையைத் தொடுவதில்லை. ஆயினும் உள்ளே சுழலும் மோர், பானையையும் தன்னோடு இழுத்துச் சுழற்றப் பார்க்கிறது. அதனால்தான் பானையைப் பிரிமணையின்மேல் வைத்துக் காலால் அணைத்துக்கொள்வார்கள். சுழலும் ஒன்று, தொடாமலே, திரவத்தின் வழியாக மற்றொன்றைச் சுழற்ற முடியும் என்பதை அந்த அடுப்படியே காட்டிவிடுகிறது. கன்வர்ட்டரில் மத்தின் இடத்தில் எஞ்சினோடு பூட்டப்பட்ட பம்ப் இருக்கிறது. பானையின் இடத்தில் கியர் பெட்டியோடு பூட்டப்பட்ட டர்பைன் இருக்கிறது. மோரின் இடத்தில் எண்ணெய். பம்ப் எண்ணெயை வீசுகிறது. அந்த வேகத்தில் டர்பைன் சுழல்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அதற்கு மாற்றி என்ற பெயர் வந்திராது. இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது உறுப்பு உண்டு. டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய், பம்பின் சுழற்சிக்கு எதிராக வந்து அதைத் தடுக்கக் கூடும். ஸ்டேட்டரின் இதழ்கள் அந்த எண்ணெயை மடக்கி, பம்பின் முதுகைத் தள்ளும்படி திருப்பி அனுப்புகின்றன. இதனால் டர்பைனில் கிடைக்கும் முறுக்குவிசை, எஞ்சின் கொடுத்ததைவிடக் கூடுகிறது. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, பயணிகள் வண்டிகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் சிலவற்றில் அதற்குச் சற்று மேலாகவும் கூடும். டர்பைனின் வேகம் பம்பின் வேகத்தை நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் குறைந்து மறைகிறது. ஸ்டேட்டரும் தடையின்றிச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. தேவையான நேரத்தில் தோள் கொடுத்து, தேவை தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் நல்ல நண்பனைப் போன்றது ஸ்டேட்டர்.

இதைக் கண்டவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர். ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் தளத்தில் பணியாற்றிய அவர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும். கப்பலின் உந்துகாற்றாடியோ மெதுவாகச் சுழன்றால்தான் நன்றாக வேலை செய்யும். இந்த இரண்டுக்கும் இணக்கம் செய்து வைக்கவே அவர் இதைப் படைத்தார். வேகம் வேறுபட்ட இருவரைச் சேர்த்து வைக்கும் பொருத்தமே இதன் பிறப்பின் காரணம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1948இல் அமெரிக்காவில் ப்யூக் கார்களில் 'டைனாஃப்ளோ' என்ற பெயரால் அது சாலைக்கு வந்தது. ஓட்டம் பட்டுப்போல் இருந்தது. ஆனால் எந்நேரமும் எண்ணெயின் வழியாகவே விசை சென்றதால் இழப்பும் இருந்தது. மறு ஆண்டே, 1949இல், பாக்கார்டு கம்பெனியார் ஒரு வழி கண்டனர். வண்டி வேகம் பிடித்தபின் பம்பையும் டர்பைனையும் கிளட்ச் ஒன்றால் இறுகப் பூட்டிவிடுவது. இதற்கு லாக்கப் என்று பெயர். 1978 வாக்கில் கிரைஸ்லர் கார்களிலும், பிறகு பெரும்பாலும் எல்லா வண்டிகளிலும் இம்முறை பரவியது. நம் நாட்டவரும் சளைத்தவரல்லர். நம் ரயில்வே ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிய எம். எம். சூரி, டீசல் ரயில் எஞ்சின்களுக்காக, புறப்படும்போது கன்வர்ட்டரும் வேகம் கூடியபின் இழப்புக் குறைந்த இணைப்புமாகச் செயற்படும் அமைப்பை உருவாக்கினார்; அது சூரி டிரான்ஸ்மிஷன் என்றே பெயர் பெற்றது. 1962இல் பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தது.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு செய்தி ஊடுருவி ஓடுகிறது. எண்ணெயின் வழுக்கல் புறப்படுவதற்கு வரம். தொடர்ந்து ஓடுவதற்குச் சாபம். எவ்வளவு வழுக்கலாம், எப்போது பூட்டலாம் என்று நிர்ணயிப்பதில்தான் பொறியாளனின் திறமை இருக்கிறது.

எங்கள் ஊர்ப் புல்டோசரைப் பாருங்கள். தகடு பாறைமேட்டில் மோதி நிற்கிறது. சாதாரணக் கிளட்ச் வண்டியாக இருந்தால் எஞ்சின் 'பக்'கென்று அணைந்துவிடும். கன்வர்ட்டர் இருப்பதால் எஞ்சின் அணைவதில்லை. டர்பைன் நின்றுவிட்டாலும் பம்ப் சுழன்றுகொண்டே விசையைக் குவிக்கிறது. பாறை அசையும்வரை தள்ளுகிறது. அங்கே வழுக்கல் மிகுதியாக இருப்பது நியாயம். அதனால் எழும் சூட்டைத் தணிக்கப் பெரிய குளிர்விப்பானும் மிகுதியான எண்ணெயும் அந்த இயந்திரத்துக்கு உண்டு. அதே நியாயத்தை நான்குபேர் அமரும் காருக்குச் சொல்ல முடியுமா? காருக்கு முன்னால் பாறைமேடா நிற்கிறது? பேருந்துதானே நிற்கிறது!

இனி வெளிச்சந்தைக் கன்வர்ட்டருக்கு வருவோம். இதில் இரு வகை உண்டு. முதல் வகை, பழையதைப் புதுப்பித்தது. கன்வர்ட்டர் வெல்டு செய்து மூடப்பட்ட உருண்டை. அதை லேத்தில் கொடுத்து வெட்டித் திறந்து, தேய்ந்த லாக்கப் கிளட்ச் பட்டையையும் சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றி, மறுபடியும் வெல்டு செய்து, பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள். ஒழுங்காகச் செய்தால் இது நல்ல வேலை, நானும் வரவேற்கிறேன். இரண்டாம் வகை, குணத்தையே மாற்றியது. ஸ்டால் வேகம் கூட்டப்பட்ட கன்வர்ட்டர் என்று இதை விளம்பரம் செய்கிறார்கள். வண்டியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் எஞ்சின் எந்த வேகம் வரை ஏறி நிற்குமோ, அதுவே ஸ்டால் வேகம். இது கூடினால், எஞ்சின் தன் வலிமை மிகுந்த சுற்றுக்கு முதலில் ஏறிவிட்டுப் பிறகு வண்டியைத் தள்ளும். பந்தயத் திடலில் இது பெரும் பயன். கொடி விழுந்த கணத்திலேயே முழு வலிமையும் கிடைக்கிறது.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? ஒரு வழி, கன்வர்ட்டரின் விட்டத்தைக் குறைப்பது. இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரே வடிவமுள்ள கன்வர்ட்டர் ஏற்கும் முறுக்குவிசை, சுழலும் வேகத்தின் இருமடிக்கும் விட்டத்தின் ஐந்துமடிக்கும் ஏற்ப மாறுகிறது. 11 அங்குலத்தை 10 அங்குலமாக்கினால் என்ன ஆகும்? ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஐந்துமடி கணக்கிட்டால், பழையது 100 பங்கு ஏற்ற வேகத்தில் புதியது 62 பங்குதான் ஏற்கும். அதே விசையை ஏற்க எஞ்சின் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதலாகச் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் நின்றது, 2,500ஐத் தாண்டிப் போய் நிற்கும். ஓர் அங்குலம் செய்யும் வேலை இது! இன்னொன்றும் உண்டு. பெட்டியின்மேல் அச்சிட்ட ஸ்டால் வேகம் எல்லா வண்டிக்கும் பொதுவன்று. வலிமை மிகுந்த எஞ்சினில் அதே கன்வர்ட்டர் மேலே ஏறும். வலிமை குறைந்ததில் கீழே நிற்கும். அயல்நாட்டுப் பெரிய எஞ்சினுக்கு எழுதிய எண்ணை நம் சிறிய எஞ்சினுக்கு அப்படியே நம்புவது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு அளவு சரி என்பதைப் போன்றது.

ஓட்டும்போது இதெல்லாம் எப்படித் தெரிகிறது? என் தோழன் ஒருவனுடைய தமையனார் வாடகைக்கு ஓட்டும் டீசல் வண்டியில் இத்தகைய கன்வர்ட்டர் ஒன்றை மாட்டியிருந்தார். சென்ற கோடை விடுமுறையில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை அவரோடு சென்றேன். பங்காரப்பேட்டை தாண்டிக் கோலார் சாலையில் காலியான பாதை கிடைத்ததும் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். எஞ்சின் உறுமியது, வண்டி சீறியது. "பார்த்தாயா தம்பி?" என்றார். பார்த்தேன், உண்மைதான், நல்ல பாய்ச்சல். நெடுஞ்சாலையில் ஏறி ஒரே சீராக ஓடத் தொடங்கியதும் லாக்கப் விழுந்துவிட்டது. அதன்பின் நரசாபுரத்திலிருந்து ஓசக்கோட்டை வரை, பழைய கன்வர்ட்டருக்கும் புதியதற்கும் ஒரு வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை. பூட்டிவிட்டபின் எண்ணெய்க்கு அங்கே வேலை ஏது?

கிருஷ்ணராஜபுரத்தை நெருங்கியதும் கதை மாறியது. நெரிசல். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. தானே கியர் மாறும் வண்டியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும். நெரிசலில் ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பெங்களூரில் 2006இல் ஓடத் தொடங்கிய வால்வோ நகரப் பேருந்துகளில் கிளட்சே மிதிக்காமல் ஓட்டுநர் நாள் முழுதும் ஓட்டுவதைக் கண்டோர், இந்த உதவியின் அருமையை அறிவர். தமையனாரின் வண்டியில் அந்த ஊர்தல் மெலிந்துபோயிருந்தது. பத்தடி நகரவும் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டியிருந்தது. தொட்டால் முதலில் சத்தம் வருகிறது, பிறகு ஓட்டம் வருகிறது. இடையில் ரப்பர் கயிற்றை இழுத்ததுபோல் ஓர் இளக்கம். மேம்பால ஏற்றத்தில் நின்று புறப்பட்டபோது வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்தது; பின்னால் நின்ற ஆட்டோக்காரர் வாழ்த்துரை வழங்கினார். ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடம் கிடைத்த பாய்ச்சலுக்கு, மீதி நேரமெல்லாம் இந்த விலை! மாதந்தோறும் டீசல் கணக்கை எழுதிவைக்கும் வழக்கமுடையவர் அவர். செலவு ஏறியிருப்பதை அவருடைய குறிப்பேடே அவருக்குச் சொன்னது. அவ்வருவாயில் மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின் சுவை ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடக் கொடியது சூடு. வழுக்கும்போது வீணாகும் ஆற்றல் எங்கும் போய்விடுவதில்லை. அவ்வளவும் எண்ணெயின் சூடாகிறது. வண்டி அசையாமல் நிற்க, எஞ்சின் 40 கிலோவாட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 40 கிலோவாட்டும் சூடுதான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நாற்பதை ஐந்து லிட்டர் எண்ணெய்க்குள் போட்டதற்கு ஒப்பு. நொடிக்கு 4 பாகைக்கு மேல் சூடு ஏறும். பத்து நொடியில் 40 பாகையைத் தாண்டும்! ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்குமேல் நீட்டக்கூடாது என்று பட்டறைகளில் எச்சரிப்பது இதனால்தான். அன்றாட ஓட்டத்தில் இவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் நெரிசலில் லாக்கப் விழுவதற்கு வாய்ப்புக் குறைவு. வழுக்கல் கூடிய கன்வர்ட்டர் அங்கே சிறுகச் சிறுக எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். வழக்கமான சூட்டுக்குமேல் ஏறத்தாழ 10 பாகை கூடும்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. எண்ணெய் கெட்டால் கியர் பெட்டியின் கிளட்ச் பட்டைகள் கருகும், சீல்கள் இறுகும், பிறகு பெட்டியே போகும். எங்கள் சுரங்கத்தின் ஆழத்தில் பாறையின் சூடு 60 பாகையைத் தாண்டியது. தங்கம் எவ்வளவு இருந்தாலும், சூட்டை வெளியேற்ற வழி செய்யாமல் ஓரடியும் கீழே போக முடியவில்லை. வலிமையைக் கூட்டுகிறவன் குளிர்ச்சிக்கும் வழி தேடவேண்டும் என்பது எங்கள் ஊரின் அனுபவம். கன்வர்ட்டரை வாங்கியவர்களில் எத்தனை பேர் கூடவே ஆயில் கூலருக்கும் பணம் ஒதுக்குகிறார்கள்?

"அப்படியானால் கம்பெனி கொடுத்ததைத் தவிர வேறொன்றையும் தொடக்கூடாதா? நீ என்ன கம்பெனியின் ஏஜெண்டா?" என்று சிலர் சினக்கலாம். இல்லை, நண்பர்களே. கன்வர்ட்டரை மாற்ற வேண்டிய இடங்கள் உண்டு; அவற்றை மறைப்பது நேர்மையாகாது. பாரம் இழுக்கும் டீசல் வண்டிக்கு வழுக்கல் குறைந்த, ஸ்டால் வேகம் தாழ்ந்த கன்வர்ட்டரை அறிந்து பொருத்தினால், சூடு குறையும், பிடிப்புக் கூடும். எஞ்சினையே மாற்றி வலிமை கூட்டியவனுக்குப் பழைய கன்வர்ட்டர் போதாமற் போகலாம். டர்போ காற்று சேர நேரம் பிடிக்கும் எஞ்சினுக்கு ஸ்டால் வேகம் சிறிது கூடினால், புறப்பாட்டின் மந்தம் குறையவும் கூடும். ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலுக்கென்றே வண்டி வைத்திருப்பவனோடு எனக்கு வழக்கே இல்லை. இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு: தம் வண்டிக்கு என்ன குறை என்று தெரிந்து, அந்தக் குறைக்கு மருந்து தேடியவர்கள் இவர்கள். நோயில்லாதவன் பக்கத்து வீட்டுக்காரனின் மாத்திரையை விழுங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மற்றொரு தடையும் கேட்கிறது. "பழைய வண்டியில் நடுக்கம் இருக்கிறது, ஆகவே புதுக் கன்வர்ட்டர் போடுகிறோம்" என்பார்கள். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லாக்கப் விழும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட மேடுகளின்மேல் ஏறுவதுபோல் வண்டி அதிரும். இது லாக்கப் கிளட்ச் வழுக்கிப் பிடிப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி கெட்டுப்போன எண்ணெய். உரிய வகை எண்ணெயை மாற்றியதும் அதிர்வு நின்றுபோன வண்டிகள் உண்டு. ஆயிரங்களில் முடிவதை அரை இலட்சத்துக்கு ஏற்றாமல் இருக்க, முதலில் எண்ணெயைப் பார்ப்பதே அறிவுடைமை. மேலும், இக்காலத்து வண்டிகளில் லாக்கப்பை இயக்குவது ஒரு மின்னணு மூளை. எந்த அளவு வழுக்கலுக்கு எவ்வளவு அழுத்தம் என்று பழைய கன்வர்ட்டருக்கேற்ப அதற்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு பட்டை போட்ட கன்வர்ட்டரை மாட்டினால், அந்த மூளை குழம்பி எச்சரிக்கை விளக்கை ஏற்றினாலும் வியப்பில்லை.

ஆகவே, மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், பணத்தை எடுக்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். என் வண்டியில் இருப்பது கன்வர்ட்டர் உள்ள பெட்டிதானா? (கிளட்ச் மிதி இல்லாத வண்டிக்கெல்லாம் கன்வர்ட்டர் உண்டு என்று எண்ண வேண்டாம்; 2014இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரணக் கிளட்சே. அதை இயக்குவதுதான் இயந்திரம்.) இந்தக் கன்வர்ட்டரின் ஸ்டால் வேகம், என் எஞ்சினோடு சேரும்போது எவ்வளவு? லாக்கப் உண்டா? வெல்டு செய்தபின் பேலன்ஸ் பார்த்தீர்களா? கூலரையும் குழாய்களையும் கழுவினீர்களா? முன்பு கியர் பெட்டி உடைந்திருந்தால் அதன் துகள்கள் கூலரிலும் பழைய கன்வர்ட்டரிலும் தங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் புதியதும் பழையதன் வழியே போகும். மாட்டும்போது கன்வர்ட்டர் எண்ணெய் பம்பின் பற்களில் முழுவதும் அமர்ந்ததா? அமராத நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டி கிளம்புமுன்னே பம்ப் உடையும். இவற்றுக்கு விடை சொல்லும் மெக்கானிக்கைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். "அதெல்லாம் எதற்கு சார், போட்டால் பறக்கும்" என்பவரிடமிருந்து மட்டும் மெல்ல நழுவி வந்துவிடுங்கள்.

இவ்வளவு சிறிய செய்திக்கு ஏன் இத்தனை சொற்கள் என்று எண்ணுவீர்கள். காரணம் உண்டு. சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர் இளைஞர் பலர், விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகிறார்கள். சிலர் கடன் வாங்கி வண்டி எடுத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வண்டி அணிகலன் அன்று; ஏர். ஏரைப் பூட்டுகிறவன் மாட்டின் வலிமையையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்துத்தான் கொழுவின் ஆழத்தை வைக்கிறான். பக்கத்து வயல்காரன் ஆழமாக உழுகிறான் என்பதற்காகத் தன் மாட்டைக் கொல்வதில்லை. இந்த அறிவு நம் இரத்தத்தில் ஊறியது. புதிய பொருளுக்குப் புதிய பெயர் வந்ததும் அதை மறந்துவிட வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, தெருவில் எவரேனும் கன்வர்ட்டரை மாற்றப் போவதாகச் சொன்னால், தடுக்க வேண்டாம், ஏளனமும் வேண்டாம். "அண்ணே, நாள்தோறும் எந்தப் பாதையில் ஓட்டுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலேயே, எந்தக் கன்வர்ட்டர் வேண்டும் என்பதும், அல்லது எதுவுமே வேண்டாம் என்பதும் அவருக்குப் புலப்பட்டுவிடும்.